அம்மாவின் பழைய சேலைகளில் குயில்ட், அதாவது துணிகளை அடுக்கிச் சேர்த்துத் தைக்கும் போர்வை, தைக்க ஆசை. எப்படித் தொடங்குவது? சுவரில் மாட்டுவதா, போர்த்திக்கொள்வதா?

அம்மா உடுத்திய பருத்திச் சேலைகள் பத்து இருக்கின்றன, தையல் மிஷின் கிடையாது, கையாலேயே குயில்ட் தைக்க முடியுமா, தைத்து முடித்ததும் அதை மாட்டி வைப்பதா பயன்படுத்துவதா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். என் பதில் ஒரே பக்கம் சாய்ந்ததுதான்: போர்த்திக்கொள்ளத் தையுங்கள். போர்த்தியது போக மீதி நேரத்தில் பார்வைக்கு வையுங்கள். உடம்பில் பட்டுப் பட்டு மெத்தென்று ஆன துணி அது. மறுபடியும் உடம்பில் படுவதற்குத்தான் அது பொருத்தம்.

கணவரின் ரயில்வே வேலையால் ஹூப்ளியில் பல வருடங்கள் இருந்தோம். வட கர்நாடகத்தில் வீட்டுக்கு வீடு ‘கௌதி’ இருக்கும். பழைய சேலை, வேட்டி, சட்டைத் துணி எல்லாவற்றையும் அடுக்கி, மேலே துண்டுத்துணி ஒட்டி, முழுக்க முழுக்கக் கையால் ஓட்டுத்தையல் போட்ட போர்வை அது. தைத்துக் கொடுக்கவென்றே பெண்கள் தெருவில் வருவார்கள். சேலையும் நூலும் நாம் தரவேண்டும், கூலி பேசிக்கொள்ள வேண்டும். திண்ணையிலோ முன்வாசலிலோ துணியை விரித்து, அதன் மேலேயே உட்கார்ந்து தைப்பார்கள். வட்டச் சட்டம் கிடையாது, ஸ்கேல் கிடையாது, கோடு கூடப் போடமாட்டார்கள். இடது கை துணிக்கு அடியில் இருக்கும். வலது கை ஊசியை மேலும் கீழுமாக அசைத்து, நாலைந்து தையலை ஊசியிலேயே கோத்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுக்கும். அடுத்த வரிசைக்கு முந்தின வரிசைதான் கோடு. ஒரு வரிசை சற்றுக் கோணினால் பக்கத்து வரிசையும் அதோடு சேர்ந்து வளையும். முடித்து உதறிப் பார்த்தால் போர்வை முழுவதும் அலை ஓடியது மாதிரி இருக்கும். நான் தையல் கற்றது அந்தத் திண்ணைகளில் உட்கார்ந்துதான்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது அந்தப் பக்கத்தில் ‘சித்தி’ என்ற இனத்தவர் தைக்கும் முறையை. ஆப்பிரிக்க வம்சாவளியினரான அவர்கள் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்ட்கோடு பக்கம் வாழ்கிறார்கள். அவர்கள் தைக்கும் போர்வைக்கு ‘கவண்டி’ என்று பெயர். மற்ற ஊர்களில் முதலில் துண்டுகளை ஒன்றோடொன்று தைத்து மேல்துணியைத் தயார் செய்துவிட்டு, பிறகு அடுக்கி, கடைசியில் ஓரத்துக்குப் பட்டி கட்டுவார்கள். கவண்டியில் எல்லாமே ஒரே வேலை. ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்ளே போய், நடுவில் முடியும். ஒட்டுவதும் தைப்பதும் ஒரே ஊசியில் நடக்கும், ஓரம் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். மிஷின் இல்லாத வீட்டுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கத்தரிக்கோலைத் தொடுவதற்கு முன்னால் சேலைகளைப் பாருங்கள். ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இழை விட்டுப்போன இடம் சல்லடையாகத் தெரியும். சந்தேகமான இடத்தை இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து மெல்ல இழுங்கள். கிழிந்தால் அந்தப் பகுதி வேண்டாம், நாளைக்குப் போர்வையிலும் அது கிழியும். பெரும்பாலும் கால் பக்கத்து ஓரமும் தோளில் விழும் இடமும்தான் நைந்திருக்கும், முந்தி நன்றாகவே இருக்கும். ஃபால்ஸ் இருந்தால் பிரித்துவிடுங்கள். கஞ்சி போட்டு மடித்த சேலை என்றால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிக் கஞ்சியை முழுக்க எடுத்துவிட வேண்டும். ராமபாணப் பூச்சி தேடி வருவதே அந்தக் கஞ்சிக்காகத்தான். வருடக்கணக்கில் துவைத்த துணி என்பதால் சாயம் போகும் பயம் குறைவு. இருந்தாலும் அடர்சிவப்பு, அடர்நீலச் சேலைகளை ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அதைச் சேர்க்காதீர்கள். பாலியஸ்டர் சேலையைப் பருத்தியோடு கலக்க வேண்டாம். ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது, போர்வை முழுக்கக் கொப்பளம் கொப்பளமாக நிற்கும்.

இனி பெரிய கவலைக்கு வருகிறேன். அம்மா சேலையை வெட்ட மனசு வராது. பத்தையும் வெட்ட வேண்டியதே இல்லை. கணக்கு இதுதான். ஒரு ஆள் படுக்கும் போர்வை ஐந்தடிக்கு ஏழரை அடி. சேலையின் அகலம் ஏறக்குறைய 45 அங்குலம். ஐந்தடி நீளத்தில் இரண்டு துண்டு வெட்டிக் கரையோடு கரை சேர்த்தால் ஒரு அடுக்கு ஆயிற்று. ஐந்தரை மீட்டர் சேலையில் இப்படி மூன்று துண்டு வரும், மூன்றடி மிஞ்சும். ஆக, இரண்டே சேலையில் மூன்று அடுக்கு கிடைத்துவிடும். ரொம்ப நைந்தாலும் இழுத்தால் கிழியாத இரண்டை இதற்கு எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஒட்டும் துண்டுகளுக்கு, மற்ற எட்டிலும் இடுப்பில் செருகும் உள்முனையிலிருந்து ஒரு முழம் மட்டும் வெட்டுங்கள். எட்டு முழமும் மிஞ்சிய மூன்றடிகளும் மேல்பக்கம் முழுவதற்கும் போதும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். அந்த எட்டுச் சேலைகளும் உடுத்தும்படியே இருக்கும். எட்டும் போர்வையிலும் இருக்கும். வெட்டிய முனையை மடித்து ஹெம்மிங் செய்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

மூன்று அடுக்கும் மேல் ஒட்டும் சேர்ந்தால் பெங்களூர், கோவை குளிருக்கும் ஏசி அறைக்கும் சரியாக இருக்கும். சென்னை, மதுரை என்றால் நடு அடுக்கு ஒன்றைக் குறைத்துவிடுங்கள். கடையில் விற்கும் பாலியஸ்டர் பஞ்சுத் தகடு நம் ஊருக்கு வேண்டாம், வியர்த்துக் கொட்டும். பருத்திச் சேலை அடுக்குகளுக்கு நடுவே காற்று தங்குகிறது, அந்தக் கதகதப்பே போதும்.

தரையை நன்றாகத் துடைத்துவிட்டு அடித்துணியை இழுத்து விரியுங்கள், நாலு பக்கமும் ஏதாவது கனமான சாமானை வையுங்கள். அதன் மேல் நடு அடுக்குகளைச் சுற்றிலும் ஒரு அங்குலம் சிறியதாக வையுங்கள். சுருக்கமில்லாமல் தடவிவிட்டு, ஒரு ஜாண் இடைவெளியில் பெரிய பெரிய தற்காலிகத் தையல் போட்டுக்கொள்ளுங்கள். ஊக்கு குத்தினாலும் சரிதான், ஆனால் நைந்த துணியில் ஊக்கு ஓட்டை போடும். பிறகு அடித்துணியின் ஓரத்தை உள்பக்கமாக மடியுங்கள். முதல் ஒட்டுத்துணியின் ஓரத்தையும் உள்ளே மடித்து, இரண்டு மடிப்பும் விளிம்பில் ஒட்டி நிற்கும்படி வைத்து, விளிம்பை ஒட்டியே ஓட்டுத்தையல் போடுங்கள். துண்டு முடியும் இடத்தில் அடுத்த துண்டை, அதன் ஓரத்தை மடித்து, முந்தினதன் பிசிர் மறையும்படி மேலே ஏற்றுங்கள். இப்படியே ஒரு சுற்று. அரை விரல்கடை தள்ளி இரண்டாவது சுற்று. மூன்றாவது, நான்காவது. முதல் வரிசைத் துண்டுகள் தீர்ந்ததும் அடுத்த வளையத் துண்டுகள். கடைசியில் நடுவில் ஒரு சிறு இடம் பாக்கி நிற்கும். நாலு பக்கமும் மடித்த ஒரு துண்டால் அதை மூடுங்கள். சித்தி இனப் பெண்கள் நாலு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து ‘ஃபூல்’, அதாவது பூ, வைத்துத் தைப்பார்கள். பூ இல்லாவிட்டால் அவர்கள் கணக்கில் போர்வை முடிந்ததாகாது. அம்மாவின் சேலைகளிலேயே எது உங்களுக்கு ரொம்பப் பிடித்ததோ அதில் அந்த நாலு பூவையும் வையுங்கள்.

தையல் அரிசி நீளம் இருந்தால் போதும். ஆறு இழை எம்ப்ராய்டரி நூலை மூன்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். நூலை ஒரு கை நீளத்துக்கு மேல் எடுக்காதீர்கள், சிக்கும். முடிச்சை அடுக்குகளுக்கு நடுவே இழுத்து ஒளித்துவிடுங்கள். நடுவிரலில் உலோகத் தொப்பி மாட்டாமல் இந்த வேலை நடக்காது. நெருக்கமான ஓட்டுத்தையல் அழகுக்கு மட்டும் அல்ல. பழைய துணி எங்காவது விட்டுக்கொடுத்தாலும் அடுத்த தையல் வரிசையைத் தாண்டிக் கிழிசல் ஓடாது. பழைய சேலையைப் புதுத் துணி மாதிரி உழைக்க வைப்பது அந்த வரிசைகள்தான். வங்காளத்துக் காந்தாவிலும் இதே தையல்தான், அங்கே சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலையே தைக்க எடுத்துக்கொள்வார்கள்.

முதலில் சின்னதாக ஒன்று தைத்துப் பாருங்கள், சேலை அகலத்துக்கு மூன்றடி. குழந்தையைத் தரையில் குப்புறப் போட்டு விளையாட விடச் சரியான அளவு. ஒரு வயது ஆகாத குழந்தை தூங்கும்போது மட்டும் மேலே போர்த்தாதீர்கள், முகத்தை மூடிவிடும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கறை, இழை ஓட்டித் தைத்த இடம், பழைய ஒட்டு எல்லாவற்றையும் அடியில் தள்ளி ஒளிக்க வேண்டாம். என் பாட்டியின் சுங்குடிச் சேலை ஒன்றின் மூலையில் சலவைத் தொழிலாளி சேராங்கொட்டை மையால் போட்ட குறி இருந்தது: ஒரு கோடு, பக்கத்தில் இரண்டு புள்ளி. பாட்டி குடும்பத்துத் துணி எல்லாவற்றிலும் அந்தக் குறிதான். எத்தனையோ வெளுப்புக்குப் பிறகும் கொஞ்சமும் மங்கவில்லை. அந்தத் துண்டை மேல்பக்கம், கை போய் விழும் இடத்தில் வைத்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் சுங்குடிப் புள்ளிகளைவிட அதைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்துக் கீஸ் பெண்ட் கிராமத்துக் கறுப்பினப் பெண்கள் செய்ததும் இதைத்தான். வயல்வேலைக்குப் போட்டுத் தேய்ந்த கால்சட்டைகளை வெட்டி, முட்டியில் வெளுத்த இடம் வெளுத்தபடியே தெரியத் தைத்தார்கள். மிசௌரி பெட்வே என்பவர் 1942இல் கணவர் இறந்ததும் அவருடைய வேலை உடைகளை வைத்தே ஒரு போர்வை தைத்தார், அவரை நினைத்துப் போர்த்திக்கொள்வதற்காக. குளிருக்காகத் தைத்த இந்தப் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் சுவரேறின, பிறகு நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்துக்குப் போயின. 2006இல் அமெரிக்கத் தபால்தலையாகவும் வந்தன. காட்சிக்கென்று தைத்திருந்தால் அந்த அழகு அவற்றுக்கு வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

உங்கள் வீட்டில் காட்சிக்கு வைக்க ஆணி அடித்துத் தொங்கவிடாதீர்கள். மொத்தக் கனமும் இரண்டு ஓட்டையில் இறங்கும். பின்பக்கம் மேல் விளிம்பின் நீளத்துக்கு நாலு அங்குல அகலத்தில் துணிக்குழல் ஒன்றைத் தைத்து, அதில் கம்போ திரைச்சீலைக் கம்பியோ செருகி மாட்டினால் கனம் சமமாகப் பரவும். வெயில் நேராக விழும் சுவர் வேண்டாம், ஒரு கோடையிலேயே நிறம் வெளுக்கும். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரும் வேண்டாம். எந்தச் சுவரானாலும் துணிக்கும் சுவருக்கும் நடுவே காற்றுப் போக ஒரு அங்குலமாவது விடுங்கள். இரண்டு மூன்று மாதம் தொங்கியதும் இறக்கிவிட்டு வேறொன்றை மாட்டுங்கள். எங்கள் வீட்டில் சுவரைவிட ஊஞ்சல் பலகையிலும் சாய்வு நாற்காலியின் முதுகிலும்தான் அதிகம் இருக்கும். போகிற வருகிறவர் கை படும், வேண்டும்போது எடுத்துக் காலில் போட்டுக்கொள்ளலாம்.

பட்டுச் சேலைத் துண்டும் ஜரிகைக் கரையும் இருந்தால் அவற்றுக்கு மட்டும் சுவர்தான் சரி. ஜரிகை கன்னத்தில் உரசும். பழம்பட்டு மடிப்பில் நூல் நூலாக விட்டுப்போகும், துவைக்கவும் முடியாது. தனியாகச் சின்னத் தொங்கல் ஒன்று தைத்துக்கொள்ளுங்கள்.

துவைக்கக் குளிர்ந்த தண்ணீரும் லேசான சோப்பும் போதும். ஊறவைத்து அமுக்கி எடுங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். ஈரத்தில் கனம் தாங்காது, கொடியில் தொங்கவிட்டால் தையல் இழுபடும். கயிற்றுக் கட்டிலில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள், ஒரு புரட்டுப் புரட்டுங்கள். எடுத்து வைக்கும்போது பிளாஸ்டிக் பை வேண்டாம், பழைய வேட்டியில் சுற்றி, ஒரு துண்டு வசம்பையும் காய்ந்த வேப்பிலையையும் அதே மூட்டையில் போடுங்கள். சில மாதத்துக்கு ஒரு முறை பிரித்து வேறு இடத்தில் மடியுங்கள். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் துணி அந்தக் கோட்டிலேயே விட்டுவிடும்.