ஆறு நாளில் யூட்டா, அரிசோனா பள்ளத்தாக்குகளை நடந்து பார்க்க முடியுமா?

அக்டோபரில் லாஸ் வேகாஸிலிருந்து காரில் கிளம்பி, சயான், பிரைஸ், ஆன்டிலோப் என்ற மூன்று பள்ளத்தாக்குகளையும் ஆறு நாளில் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். கிராண்ட் கேன்யனை மட்டும் இதில் திணிக்காதீர்கள், அதற்குத் தனிப் பயணமே வேண்டும்.

சயானுக்கு மூன்று நாள் கொடுங்கள். அங்கே நேரோஸ் என்ற இடத்தில் வர்ஜின் ஆறுதான் பாதை. முழங்கால் அளவு குளிர்ந்த நீரில், வழுக்கும் உருண்டைக் கற்கள் மேல் கோலூன்றி நடப்பீர்கள். இரண்டு பக்கமும் பாறைச் சுவர், மேலே வானம் ஒரு ரிப்பன் அகலம்தான். ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற செங்குத்தான பாறை முகட்டில் ஏற ஆசையென்றால், 2022 முதல் குலுக்கலில்தான் அனுமதி. முன்பே விண்ணப்பியுங்கள்.

பிரைஸ் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, விடியற்காலையில் பல் கிட்டும். ஆனாலும் சூரிய உதயத்தைத் தவற விடாதீர்கள்.

அப்புறம் ஆன்டிலோப். அது நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் நிலம், வழிகாட்டியோடுதான் போக முடியும். 1997 ஆகஸ்டில் அங்கே திடீர் வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள்; மழை கொட்டியது பல கிலோமீட்டர் தள்ளி. அதனால் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கிறதே என்று நம்பாமல், தினமும் காலையில் வெள்ள எச்சரிக்கையைப் பாருங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீர் அவசியம்.