ஆஸ்பத்திரிப் படுக்கையில் விளையாட்டு: கேள்வி பதில்

குழந்தைகள் வார்டில் விளையாட்டுப் பணியாளராகப் பல வருடங்களாக இருக்கிறேன், அதாவது விளையாட்டு வழியாகக் குழந்தைகளின் ஆஸ்பத்திரிப் பயத்தைக் குறைப்பது என் வேலை. பெற்றோரிடமிருந்து வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். மருந்தளவு பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், அது உங்கள் டாக்டரிடம்தான்.

அக்கா, மூன்று வயது மகளுக்கு நாலு நாளாக டிரிப்ஸ் ஏறுகிறது. பொம்மைக்கு ஊசி குத்திக்கொண்டே இருக்கிறாள். பயந்துபோய் பொம்மையை வாங்கி வைத்துவிட்டேன். செய்தது சரியா?

திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாலு நாளாக எல்லாம் அவளைக் கேட்காமலேயே நடக்கிறது. எப்போது எழுப்புவது, எந்தக் கையைப் பிடிப்பது, எதுவும் அவள் வசம் இல்லை. ஊசி அவள் கைக்கு வருவது அந்த விளையாட்டில் மட்டும்தான். முனை கழற்றிய சிரிஞ்ச், கொஞ்சம் பஞ்சு, பிளாஸ்டர் எல்லாம் நர்ஸிடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். நாற்பது தடவை குத்தட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது, காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருவது. நாலரை வயதுப் பையன் ஒருவன் தன் கரடியிடம், "பொய் சொன்னேல்ல, அதான் ஊசி" என்றான். யாரோ எப்போதோ மிரட்டியது. இந்த வயதில் நோயைத் தண்டனை என்று எடுத்துக்கொள்வது சகஜம். நான் அவனைத் திருத்தவில்லை. கரடியைப் பார்த்து, "நீ ஒரு தப்பும் பண்ணலை கண்ணா, வயித்துல கிருமி வந்துடுச்சு, அதுக்குத்தான் மருந்து" என்றேன். அவன் ஒன்றும் பேசாமல் கரடிக்குப் பிளாஸ்டர் ஒட்டினான். மறுநாள் ஊசி போடும் முன் கரடியைக் கேட்டான்: "எண்ணட்டுமா?"

நாள் போகப் போக விளையாட்டு இப்படிக் கொஞ்சமாவது மாற வேண்டும். மாறாமல், விளையாடி முடித்ததும் முன்னைவிட மிரண்டு போகிறாள் என்றால் வார்டில் சொல்லுங்கள்.

ரத்தம் எடுக்க நாலு பேர் அமுக்கிப் பிடிக்கிறார்கள். வேறு வழி இல்லையா மேடம்?

பெரும்பாலும் இருக்கிறது. மல்லாக்கப் படுக்க வைத்தாலே குழந்தைக்குப் பாதி பயம் வந்துவிடும். உங்கள் மடியில், நெஞ்சோடு நெஞ்சாக அணைத்து உட்கார வைத்து, ஒரு கையை மட்டும் வெளியே நீட்டவிடலாமா என்று கேளுங்கள். சோப்புக் குமிழி ஊதச் சொல்லுங்கள். குமிழி உடையாமல் வர மூச்சை மெல்ல, நீளமாக விட வேண்டும், அப்படி விடும்போது உடம்பு தானாகத் தளரும். மரத்துப்போகும் கிரீம் உண்டா என்றும் விசாரியுங்கள். அது வேலை செய்யக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் பிடிக்கும் என்பதால் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

அப்புறம், "ஊசி போடலாமா?" என்று குழந்தையிடம் கேட்காதீர்கள். அவன் வேண்டாம் என்பான், நீங்கள் போடுவீர்கள். அது கேள்வியே இல்லை. "எந்தக் கை? நீ எண்ணுறியா, நான் எண்ணட்டுமா?" இதெல்லாம் நிஜக் கேள்விகள். "வலிக்கவே வலிக்காது" என்பதும் வேண்டாம், அது ஒரு தடவைதான் செல்லும். முடிந்தால் குத்துவதெல்லாம் தனி அறையில் நடக்கட்டும். படுக்கையில் யாரும் குத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் நிம்மதியாகத் தூங்குவான்.

ஐந்து வயது. அடுத்த வாரம் ஆபரேஷன். மயக்க மருந்து பற்றி இப்போதே சொல்லலாமா?

ஐந்து வயதுக்கு மூன்று நாலு நாள் முன்பு போதும். இரண்டு மூன்று வயது என்றால் முதல் நாள் சொன்னால் போதும், அதற்கு முன் சொன்னால் பயம்தான் வளரும். மயக்க மருந்து கொடுக்கும் மாஸ்க் ஒன்று தருவார்களா என்று கேளுங்கள். ஸ்டிக்கர் ஒட்டி, பொம்மைக்கும் அப்பாவுக்கும் மாட்டி விளையாடட்டும். வெறுமனே "தூங்க வைப்பாங்க" என்றால் ராத்திரித் தூக்கத்துக்கே பயப்படலாம். "இது மருந்தால வர்ற தூக்கம், முடிஞ்சதும் டாக்டர் எழுப்பிடுவாங்க" என்று சொல்லுங்கள்.

என் மகன் அழுவதே இல்லை. "சமத்து" என்கிறார்கள். பொம்மையை வைத்தால் தொடுவதும் இல்லை.

எனக்கு அழுகிற குழந்தையைவிட இந்தக் குழந்தையைப் பற்றித்தான் கவலை. பிரிட்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர் 1952-ல் ஒரு படம் வெளியிட்டார். இரண்டு வயதுச் சிறுமி எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்த பதிவு. அந்தக் காலத்தில் பெற்றோர் கூடவே தங்க முடியாது. அவளும் அதிகம் அழவில்லை. ஆனால் அந்த அமைதிக்குள் எவ்வளவு துக்கம் என்பதைக் கேமரா காட்டியது. 1959-ல் அங்கே ஆஸ்பத்திரிக் குழந்தைகளின் நலன் பற்றி வந்த பிளாட் அறிக்கை, பெற்றோரைத் தாராளமாக அனுமதிக்கவும் குழந்தைகள் விளையாட ஏற்பாடு செய்யவும் பரிந்துரைத்தது.

எதையும் திணிக்காதீர்கள். கட்டிலோரம் உட்கார்ந்து நீங்களே இரண்டு காரை ஓட்டுங்கள். அவனைப் பார்க்கவும் வேண்டாம், கேள்வியும் கேட்க வேண்டாம். ஒரு குழந்தை இப்படி ஒன்றரை நாள் பார்த்துக்கொண்டே இருந்து, கடைசியில் போர்வைக்கு உள்ளிருந்து காலால் என் காரைக் கவிழ்த்தது. நான் திரும்ப நிமிர்த்தினேன், திரும்பக் கவிழ்த்தது. அன்று முழுக்க அதுதான் விளையாட்டு.

இவ்வளவு ஒட்டாமல் இருப்பதை டாக்டரிடமும் சொல்லிவையுங்கள். வலியை அடக்கிக்கொண்டும் இருக்கலாம்.

போனைக் கொடுத்தால் வேலை முடிந்ததே?

ஊசி போடும் ஐந்து நிமிடத்துக்குத் தாராளமாகக் கொடுங்கள், நானும் கொடுப்பேன். நாள் முழுக்க வேண்டாம். போன் அவன் கவனத்தைத் திருப்பும், அவ்வளவுதான். கரடியிடம் சொன்னதைப் போனிடம் சொல்ல முடியாது.

என்ன பொம்மை கொண்டுபோகலாம்?

கழுவித் துடைக்க முடிகிறவை. துணிப் பொம்மை அவனுடையது மட்டும், அடுத்த கட்டிலுக்குப் போகக் கூடாது. ரப்பர் பலூன் வேண்டாம், உடைந்த துண்டு தொண்டையை அடைக்கும், சிலருக்கு ரப்பர் ஒவ்வாமையும் உண்டு. ஒற்றைக் கையால் விளையாட முடியுமா என்றும் பாருங்கள், இன்னொரு கையில் டிரிப்ஸ் இருக்குமே.