கம்யூனிட்டி காலேஜில் வேளாண் வணிகம்: பணத்துக்குத் தகுமா?

கேள்வி: கலிபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ அருகே பல வருடங்களாக இருக்கிறோம். கிரீன் கார்டும் வந்துவிட்டது. பள்ளியை முடிக்கும் என் மகன், வீட்டுக்குப் பக்கத்திலுள்ள கம்யூனிட்டி காலேஜ் என்ற உள்ளூர் அரசுக் கல்லூரியில் இரண்டு வருட வேளாண் வணிகப் பட்டம்தான் படிப்பேன் என்கிறான். "நாம் விட்டுவந்த விவசாயத்துக்கே திரும்பப் போகிறானா? என்ன சம்பளம் வரும்?" என்று கணவர் வருத்தப்படுகிறார். இங்கே எங்களுக்கு நிலம் எதுவும் கிடையாது. இந்தப் படிப்பு பணத்துக்குத் தகுமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கணவரின் வருத்தம் புரிகிறது. ஆனால் அவர் மனதில் இருக்கும் விவசாயம் வேறு, உங்கள் மகன் படிக்க நினைப்பது வேறு. ஃப்ரெஸ்னோ, துலாரி, கெர்ன் மூன்றும் அமெரிக்காவிலேயே விளைச்சல் மதிப்பில் முன்னால் நிற்கும் கவுண்டிகள், அதாவது மாவட்டங்கள். அங்கே பாதாமும் திராட்சையும் பிஸ்தாவும் பாலும் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் கடன் கொடுப்பவர், தண்ணீர்க் கணக்குப் பார்ப்பவர், பேக்கிங் ஹவுஸை நடத்துபவர், உரமும் இயந்திரமும் விற்பவர் எல்லாரும் வேண்டும். வேளாண் வணிகம் படித்தவர்களுக்கு வேலை பெரும்பாலும் இந்த இடங்களில்தான். சொந்த நிலம் இல்லாதது இதற்குத் தடையில்லை.

சரி, பணத்துக்கு வருவோம். கலிபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு கம்யூனிட்டி காலேஜில் ஒரு யூனிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர். பட்டத்துக்கு 60 யூனிட், அதாவது 2,760 டாலர். முதன்முறையாக முழுநேரம் சேருபவர்களுக்குப் பல கல்லூரிகள் முதல் இரண்டு வருடம் இதையும் தள்ளுபடி செய்கின்றன. அவசியம் விசாரியுங்கள்.

இந்தப் படிப்பில் உண்மையான செலவு காலம்தான். 2025-இல் மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50 டாலர். முழுநேரம் வேலை செய்தால் வருடத்துக்கு 34,000 டாலருக்குச் சற்று மேல் வரும். படித்துக்கொண்டே பாதி நேரம் வேலை பார்த்தால் வருடத்துக்கு 17,000 டாலர் கைவிட்டுப் போகிறது. இரண்டு வருட இழப்போடு கட்டணம், புத்தகம், பெட்ரோல் எல்லாம் சேர்த்தால் 40,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரவுப் பக்கம் பார்த்தால், அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் 2023 கணக்குப்படி, பள்ளிப் படிப்போடு நின்றவர்களின் இடைநிலை வாரச் சம்பளம் (பாதிப் பேர் இதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் வாங்குவது) 899 டாலர், இரண்டு வருடப் பட்டக்காரர்களுக்கு 1,058. வித்தியாசம் வருடத்துக்கு 8,000 டாலரைக் கொஞ்சம் தாண்டும். எல்லாத் துறைகளுக்கும் எல்லா வயதுக்கும் சேர்த்து எடுத்த கணக்கு இது, தொடக்கத்தில் இவ்வளவு கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். அப்படியே கிடைத்தாலும் போட்ட பணம் திரும்ப ஐந்து வருடமாகும். இரண்டு வருடப் படிப்பு மூன்றாக இழுத்தால் இன்னொரு 17,000 போய்விடும். கட்டணத்தைப் போல ஆறு மடங்கு!

அதனால் இரண்டு வருடப் பட்டத்தோடு நின்றுவிடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். அதே 2023 கணக்கில் நான்கு வருடப் பட்டக்காரர்களின் வாரச் சம்பளம் 1,493 டாலர். மகன் சேரும்போதே டிரான்ஸ்ஃபருக்கான, அதாவது நான்கு வருடப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போவதற்கான, வேளாண் வணிகப் பட்டத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். 2010-இல் வந்த மாநிலச் சட்டப்படி, அதை உரிய மதிப்பெண்ணோடு முடித்தவருக்குக் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் ஏதாவது ஒன்றில் இடம் உறுதி. இன்னும் 60 யூனிட்டில் இளங்கலை முடிந்துவிடும். கேட்ட கல்லூரியே கிடைக்கும் என்று மட்டும் சட்டம் சொல்லவில்லை. அவற்றில் ஃப்ரெஸ்னோவிலேயே உள்ள ஃப்ரெஸ்னோ ஸ்டேட் கிடைத்தால் வீட்டிலிருந்தே போகலாம். அங்கே 2025-26 வருடத்துக்கான அடிப்படைக் கட்டணம் 6,450 டாலர், வருடாவருடம் ஏறுகிறது. அப்படியும் இரண்டு கல்லூரிகளுக்கும் சேர்த்து நான்கு வருடக் கட்டணம் 20,000 டாலரை ஒட்டித்தான் வரும். கடனே இல்லாமல் இளங்கலை முடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் மாநிலத் தணிக்கையாளர் 2024-இல் சொன்னதையும் மறைக்கக் கூடாது. டிரான்ஸ்ஃபர் ஆசையோடு சேர்ந்தவர்களில் நான்கு வருடத்துக்குள் மாறியவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். பாடங்களை முதல் செமஸ்டரிலேயே கவுன்சலரோடு உட்கார்ந்து திட்டமிட வேண்டும். புள்ளியியலையும் பொருளாதாரத்தையும் தள்ளிப்போடவே கூடாது.

இன்னொரு விஷயம். பயிருக்கு எந்த மருந்து, எவ்வளவு என்று எழுதிக்கொடுக்கும் பெஸ்ட் கன்ட்ரோல் அட்வைசர் உரிமத்துக்கு உங்கள் பகுதியில் நல்ல மதிப்பு உண்டு. இளங்கலை இல்லாமலே, 60 யூனிட் படிப்பும் இரண்டு வருடத் தொழில் அனுபவமும் இருந்தால் தேர்வெழுத வழியுண்டு. ஆனால் அதில் 42 யூனிட் அறிவியல், பயிர், பூச்சி மேலாண்மைப் பாடங்களாக இருக்க வேண்டும். கணக்கும் மார்க்கெட்டிங்கும் மட்டும் எடுத்தால் தகுதி வராது. விருப்பப் பாடங்களை அவன் இந்தப் பக்கம் திருப்பினால் கையில் இன்னொரு பிடி இருக்கும்.

தண்ணீர்ப் பிரச்சினையையும் யோசியுங்கள். 2014-இல் வந்த நிலத்தடி நீர்ச் சட்டப்படி, மிக மோசமாக வற்றிய பகுதிகள் 2040-க்குள் எடுக்கும் நீரையும் மீண்டும் ஊறும் நீரையும் சமப்படுத்தியாக வேண்டும். கொஞ்சம் நிலம் தரிசாகத்தான் போகும். இதனால்தான் இந்தத் துறைக்காகப் பெரிய கடன் வாங்காதீர்கள் என்கிறேன். தண்ணீரை அளந்து கணக்கு வைக்கத் தெரிந்தவர்களுக்குத் தேவை கூடுவதும் இதே காரணத்தால்தான்.

உங்கள் கணவரையும் உட்காரவைத்து மகனிடம் ஒன்று கேளுங்கள்: முதல் கோடை விடுமுறையில் எந்தத் தோட்டத்தில், எந்தப் பேக்கிங் ஹவுஸில் வேலைக்குச் சேரப் போகிறாய்? அவன் இரண்டு மூன்று இடம் சொல்லி, அங்கே போய்ப் பேசியும் வந்திருந்தால், தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.