பயிற்சி முடிந்த மறுநாள்

அன்புள்ள அண்ணா,

பி.எஸ்ஸி. வேளாண்மை படித்துவிட்டு, வேளாண்மை படித்தவர்கள் சொந்தத் தொழில் தொடங்கப் பயிற்சியும் வங்கிக் கடனுக்கு மானியமும் தரும் மத்திய அரசின் அக்ரி கிளினிக் திட்டத்தில் 45 நாள் பயிற்சியும் முடித்தேன். காளான் பண்ணைக்குக் கடன் கேட்டு 12 லட்சத்தில் திட்ட அறிக்கை கொடுத்திருக்கிறேன். எட்டு மாதமாக வங்கியில் ‘பார்க்கலாம்’ என்கிறார்கள். கூடப் பயின்றவர்களில் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பயிற்சிக்குப் பிறகு எதுதான் கைகொடுக்கும்?

ச., திண்டுக்கல்

அன்புள்ள தம்பி,

முதலில் மானியக் கணக்கைப் பார்த்துவிடுவோம். பொதுப் பிரிவுக்கு 36 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 44. உன் 12 லட்சத்துக்கு 4,32,000 வரும். ஆனால் அது உன் கைக்கு வராது. வங்கியிலேயே கிடந்து கடைசியில் கடனில் கழியும். அதை நம்பிக் கொட்டகை போடாதே.

நான் பட்டதைச் சொல்கிறேன். பயிற்சி முடித்த சூட்டில் ஒரே நாளில் 40 படுக்கை (வைக்கோல் அடைத்துக் காளான் வித்துப் போட்ட பை) போட்டேன். வைக்கோலை ஊறவைப்பது, வேகவைப்பது, வித்துப் போடுவது எல்லாம் சொல்லிக்கொடுத்தபடியே செய்தேன், ஒரு குறையும் இல்லை. மூன்று வாரம் கழித்து நாற்பதும் சேர்ந்து பூத்தன. என்னிடம் வாங்கிய மெஸ்காரருக்குத் தினம் 2 கிலோ போதும். சிப்பிக் காளானோ மறுநாளே வாடிவிடும். தெரு முழுக்க எங்கள் வீட்டுக் காளான்தான். (அம்மா இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிப்பார்.) அடுத்த பத்து நாள் கொடுக்க ஒன்றுமில்லை. மெஸ்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்.

‘படுக்கையைத் தினம் இரண்டிரண்டாகப் போடுப்பா’ என்று சொன்னவர் வித்து வாங்கும் இடத்தில் இருந்த பெரியவர். அவரும் பண்ணை வைத்து நட்டப்பட்டவர்தான். அதன்பின் படுக்கையில் பச்சைப் பூஞ்சை வந்தாலும் அவருக்குத்தான் போன். பண்ணை பிழைத்தது அந்த போனால்தான்.

உன் திட்டத்திலும் அதற்கு வழி இருக்கிறது. பயிற்சி முடிந்து ஓராண்டு வரை கூடவே நின்று வழிகாட்டுவது பயிற்சி நிலையத்தின் பொறுப்பு. முக்கால்வாசிப் பேர் சான்றிதழை வாங்கியதோடு அந்தப் பக்கமே போவதில்லை. எட்டு மாதம் போய்விட்டது, மிச்சத்தையும் விட்டுவிடாதே. வங்கிக்கு அவர்களையும் அழைத்துக்கொண்டு போ.

அதுவரை சும்மா இராதே. வீட்டுப் பின்கட்டில் தினம் இரண்டு படுக்கை போடு. ஆனால் அதற்கு முன்பே நாலு மெஸ், இரண்டு காய்கறிக் கடை ஏறி, எந்தக் கிழமை எத்தனை கிலோ வேண்டும் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள். விற்ற கணக்கு மூன்று மாதத்துக்கு அந்த நோட்டில் இருந்தால் மேலாளரிடம் பேச்சே வேறு மாதிரி போகும்.

சித்திரை வெயிலில் சிப்பி சுணங்கும். அப்போது பால் காளானுக்கு மாறிக்கொள். வெயிலையும் தாங்கும், கூடுதலாக இரண்டு நாள் கெடாமலும் இருக்கும்.