புல் காய்ந்தால் அமெரிக்க அரசு மாட்டுக்காரர்களுக்குப் பணம் தருமா?

கேள்வி: டெக்சாஸ் பக்கம் வறட்சியில் மேய்ச்சல் நிலம் காய்ந்துபோனால் அரசு ஈடு கொடுக்கிறதாமே, உண்மையா?

உண்மைதான். ஆனால் யாரும் நேரில் வந்து உங்கள் புல்லைப் பார்ப்பதில்லை. வாராவாரம் வியாழக்கிழமை வெளியாகும் ஒரு வறட்சி வரைபடத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

நான் டெக்சாஸின் வடமேற்கு மூலையில் வரிக்கணக்கு பார்க்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் மாட்டுக்காரர்கள். சொந்த ஊர் தாராபுரம் பக்கம் என்பதால், கொறங்காடு (எங்கள் பக்கத்து மேய்ச்சல் காடு) காய்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சோளத்தட்டு விலை ஏறும். வாங்க முடியாதவர் மாட்டைச் சந்தைக்கு ஓட்டுவார், அன்றைக்கென்று எல்லோரும் ஓட்டி வந்திருப்பார்கள். இங்கேயும் அதே கதைதான். தட்டுக்குப் பதில் பெரிய பெரிய உருளையாகக் கட்டின காய்ந்த புல், அவ்வளவுதான் வித்தியாசம்.

திட்டத்தின் பெயர் லைவ்ஸ்டாக் ஃபோரேஜ் டிசாஸ்டர் புரோகிராம், சுருக்கமாக எல்.எஃப்.பி. நடத்துவது வேளாண் துறையின் ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சி. நான் சொன்ன வரைபடத்தை நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் உள்ள வறட்சி மையமும் மத்திய அரசுத் துறைகளும் சேர்ந்து 1999 முதல் வெளியிடுகின்றன. வறட்சி கூடக் கூட மஞ்சளில் தொடங்கி (டி0) கருஞ்சிவப்பு (டி4) வரை ஐந்து நிறங்கள். மேய்ச்சல் காலத்தில் உங்கள் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஏதாவது ஒரு மூலை டி3 சிவப்பைத் தொட்டாலே 3 மாதத் தொகை. டி4 நான்கு வாரம் இருந்தால் 5 மாதம், அதற்கு மேல் கிடையாது. டி2 மட்டும் என்றால், முன்பெல்லாம் அது எட்டு வாரம் தொடர்ந்து நீடிக்க வேண்டும். 2025 ஜூலையில் வந்த சட்டம் அதை நான்கு வாரமாகக் குறைத்துவிட்டது.

'ஏதாவது ஒரு மூலை' என்பதில்தான் கூத்தே. என்னிடம் கணக்கு பார்க்கும் இரண்டு பேருக்கு நடுவே இருப்பது ஒரு கம்பிவேலி. அதுவே கவுண்டி எல்லையும்கூட. ஒரு வருடம் நேரில் போய்ப் பார்த்தேன். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் செருப்புக்கடியில் அப்பளம் மாதிரி நொறுங்கியது ஒரே புல்தான். ஒருவருக்குப் பணம் வந்தது, இன்னொருவருக்கு வரவில்லை. இப்போதும் இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள், அதுவரை சரி.

தொகை எவ்வளவு? மாட்டின் மாதத் தீவனச் செலவு ஒரு கணக்கு, உங்கள் நிலம் எத்தனை மாட்டைத் தாங்கும் என்பது இன்னொரு கணக்கு. இரண்டில் எது குறைவோ அதில் 60 சதவீதம். நூறு மாடு தாங்கும் நிலத்தில் இருநூறை விட்டிருந்தாலும் நூறுக்குத்தான் வரும். இந்த விதி எனக்குப் பிடிக்கும். ஒருவருக்கு ஆண்டுக்கு உச்சவரம்பு 1,25,000 டாலர்.

பெரிய தொகையாகத் தெரியும், ஆனால் நேரத்துக்கு வரும் என்று நம்பாதீர்கள். பழைய சட்டத்தின் காலம் 2011 செப்டம்பர் 30-ல் முடிந்தது. 2012-ல் நாட்டின் பெரும்பகுதி காய்ந்தபோது திட்டமே நடப்பில் இல்லை. 2014-ல் புதுச் சட்டம் வந்து முன்தேதியிட்டுக் கொடுத்தார்கள். அதற்குள் விற்ற மாடு திரும்பி வருமா?

தீயில் மேய்ச்சல் போனாலும் எல்.எஃப்.பி.யில் கேட்கலாம், ஆனால் மத்திய அரசு நிர்வகிக்கும் நிலத்தில் மேய்க்க முடியாமல் போனால் மட்டும். 2024 பிப்ரவரியில் எங்கள் பக்கம் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்த ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீயில் பெரும்பாலும் தனியார் நிலம். அதற்கு ஈலாப் என்ற வேறு திட்டம். மாடே செத்தால் அது மூன்றாவது திட்டம்.

அப்புறம், குத்தகை நிலத்தில் மேய்ப்பவராக இருந்தால் காகிதம் வேண்டும். நான் கணக்கு பார்க்கும் பெரியவர் ஒருவர் இருபது வருடமாக வாய்வார்த்தையிலேயே குத்தகை ஓட்டியவர். விண்ணப்பிக்கும் சமயம் நில உரிமையாளர் இறந்துபோயிருந்தார். மகளிடம் எழுதி வாங்க மூன்று மாதம் ஆயிற்று. இப்போது அதன் நகல் ஒன்று அவர் பிக்கப் வண்டியின் வெயில் தடுப்பில் எப்போதும் செருகியிருக்கும்.