இவ்வளவு காசு கிடைத்தும் லிலியம் ஏன் மூடப்பட்டது?

யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன், அதனால் என் பதில் கொஞ்சம் கணக்குப் பக்கம்தான் சாயும்.

லிலியம், பற்றரியில் ஓடி நேராக மேலெழும்பும் சின்ன விமானம் செய்வதற்காக 2015இல் ஜேர்மனியின் மியூனிக்கில் நான்கு பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய கொம்பனி. 100 கோடி டொலருக்கு மேல் திரட்டினார்கள். 2019இல் அவர்களுடைய ஐந்து இருக்கை விமானம் ஆளில்லாமல் நேராக மேலெழும்பிய வீடியோவை ஒரு பெடியன் வகுப்பில் காட்டினான், எல்லாருக்கும் ஒரே புல்லரிப்பு, எனக்கும்தான். ஆனால் அதில் இருந்த 36 சின்ன விசிறிகளைப் பார்த்ததும் கரும்பலகையில் கணக்குப் போட்டோம்.

2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் ஒரு பெரிய பட்டம் கயிற்றைப் பிடித்திருந்த இளைஞரையே தூக்கிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கும். மோட்டாரா இருந்தது? பரப்பு பெரிது, வாடைக்காற்றே போதுமாயிற்று. அந்தரத்தில் நிற்பதற்கும் இதே விஷயம்தான்: நிறையக் காற்றை மெல்லத் தள்ளினால் செலவு குறைவு, கொஞ்சக் காற்றை வேகமாகத் தள்ளினால் அதிகம். விசிறிகளின் மொத்தப் பரப்பைக் காற்பங்காக்கினால் தேவைப்படும் வலு இரண்டு மடங்காகும். ஹெலிகொப்டருக்கு அவ்வளவு நீளமான இறக்கைகள் இருப்பது இதனால்தான். லிலியம் வேகமாகப் பறக்க வேண்டும், சத்தம் குறைய வேண்டும் என்று குழாய்க்குள் அடைத்த சின்ன விசிறிகளைத் தெரிவு செய்தது. அதற்கான வலு முழுவதும் பற்றரியிலிருந்து வர வேண்டும், ஒரு கிலோ விமான எரிபொருளில் இருக்கும் சக்தியோ ஒரு கிலோ பற்றரியில் இருப்பதைப்போல ஏறத்தாழ 40 மடங்கு. அதைவிடக் கொடுமை, பற்றரி இறங்கிப்போயிருக்கும் கடைசி நிமிடத்தில்தான் தரையிறங்க அவ்வளவு வலுவும் திரும்ப வேண்டும்.

இதே மாதிரி விமானம் செய்யும் அமெரிக்கக் கொம்பனியான ஜோபி 6 பெரிய திறந்த விசிறிகளோடு போய் 2023இலேயே விமானியை ஏற்றிப் பறந்துவிட்டது. லிலியத்தில் கடைசிவரை ஒரு மனிதர்கூடப் பறக்கவில்லை. அதற்குள் காசு கரைந்துவிட்டது. 2024 ஒக்ரோபரில் 5 கோடி யூரோ கடன் உத்தரவாதத்துக்கு ஜேர்மன் பாராளுமன்றக் குழு சம்மதிக்கவில்லை, டிசம்பரில் கொம்பனியை வாங்குவதாகச் சொன்னவர்களின் பணமும் வந்துசேரவில்லை, 2025 பெப்ரவரியில் இழுத்து மூடினார்கள். அரசு கைவிட்டதால்தான் விழுந்தது என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் கடன் கிடைத்திருந்தாலும் சில மாதங்கள் இழுத்திருக்கும், அவ்வளவுதான்.

சம்பளம் நின்றுபோன ஊழியர்களை நினைத்தால்தான் மனம் கனக்கிறது. அவர்கள் வேலையில் குறை இல்லை, விசிறியின் அளவை முடிவெடுத்த அன்றைக்கே அவர்களுடைய பாதை மிகவும் கடினமாகிவிட்டது. அவர்கள் உருவாக்கிய சுமார் 300 காப்புரிமைகளை இதே துறையில் இருக்கும் அமெரிக்கக் கொம்பனி ஆர்ச்சர் 1 கோடியே 80 லட்சம் யூரோவுக்கு வாங்கிக்கொண்டது.