சாமி குத்தம் இல்லாத மணல்

கேள்வி: மேல்நாட்டு மதம் இயற்கையை மனிதனுக்கு அடிமையாக்கியது, நம் மதமோ ஆற்றையும் மரத்தையும் கும்பிடச் சொன்னது என்கிறார் நண்பர். சரிதானா?
(வாசகர், வேலூர்)

பதில்: இந்தப் பேச்சுக்கு ஒரு மூலம் உண்டு. இயற்கை மனிதனுக்காகவே படைக்கப்பட்டது என்ற மேற்கத்தியக் கிறிஸ்தவ நினைப்பில்தான் இன்றைய சூழல் கேட்டுக்கு வேர் இருக்கிறது என்று லின் வொயிட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1967-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். ஆனால் அதே கட்டுரையின் முடிவில், பறவைகளுக்குப் பிரசங்கம் செய்ததாகச் சொல்லப்படும் கிறிஸ்தவத் துறவி அசிசி பிரான்சிசைச் சூழலியலாளர்களுக்குப் பாதுகாவலராக அவரே முன்மொழிந்தார், 1979-இல் போப் இரண்டாம் ஜான் பால் அப்படியே அறிவித்தும் விட்டார். நம் மேடைகளில் முதல் பாதி மட்டும்தான் காதில் விழும்.

சரி, நம் பக்கம் வருவோம். மாசி அமாவாசையில் மயானக் கொள்ளைக்குப் பாலாற்றுக்குப் போயிருப்பீர்கள். அங்காளம்மன் தேர் வரும், சுண்டலும் கொழுக்கட்டையும் சில்லறையும் சூறை விடுவார்கள், கூட்டம் ஆற்றுக்குள்ளேயே இறங்கி நிற்கும். அத்தனை பக்தி. காலுக்குக் கீழே மணல் எவ்வளவு மிச்சம் என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். நந்தி மலையில் பிறந்து சுமார் 348 கிலோமீட்டர் ஓடும் ஆறு இது, மேலே வறண்டு கிடந்தாலும் அடி மணலில் தண்ணீர் நிற்கும், மேல் மணல் காய்ந்து ஒரு மூடி மாதிரி ஆகிக் கீழே உள்ள ஈரத்தை வெயிலுக்கு விடாது. அந்த நீரை நம்பித்தான் ஊற்றுக்கால் வெட்டிப் பயிர் செய்தார்கள். அந்த மணலை லாரி லாரியாக அள்ளியவர்கள் யாரும் நாத்திகர்கள் இல்லை, ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நம் ஆட்கள்தான்.

ஆனால் இதே ஆட்கள் கோயில்காட்டில் சுள்ளி ஒடிக்க மாட்டார்கள். செருப்போடு நுழைய மாட்டார்கள், கோடரி எடுத்துப் போனால் சாமி குத்தம். அங்கே பக்தியோடு ஒரு தடையும் சேர்ந்து வந்தது, அதனால்தான் மரம் நின்றது. மணலுக்கு அப்படி ஒரு குத்தம் யாரும் சொல்லி வைக்கவில்லை. கையைக் கட்டுகிற விதி எங்கே இருந்ததோ அங்கேதான் ஏதோ மிஞ்சியிருக்கிறது, அதை விதித்தது சாமியா சட்டமா என்பது எனக்கு இரண்டாம் பட்சம். உங்கள் நண்பருக்கு இது பிடிக்காது, பரவாயில்லை.

கேள்வி: அப்படியானால் பாலாற்றைக் கெடுத்தது அறிவியல்தானே? தோல் ஷாப் ரசாயனம் எல்லாம் அங்கிருந்துதானே வந்தது?
(வாசகி, ஆம்பூர்)

பதில்: பாதி சரி. பொங்கலுக்குக் காப்பு கட்டும்போது சிறுபீளை, வேப்பிலையோடு ஆவாரம்பூ வைக்கிறோமே, அந்த ஆவாரஞ்செடியின் பட்டையில்தான் முன்பு இங்கே தோல் பதனிட்டார்கள். வாரக்கணக்கில் ஊற வேண்டும். குரோம் என்ற ரசாயனம் வந்ததும் அந்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது. அப்புறம் 1970-களில் அரைப்பதன் தோல் ஏற்றுமதிக்கு அரசு கடிவாளம் போட்டு முழுதாகப் பதனிட்ட தோலையே அனுப்பச் சொன்னதும் குரோம் பெருகியது. ஆனால் நிலத்தைக் கெடுத்ததில் பெரும் பங்கு எதற்குத் தெரியுமா? சாதாரண உப்புக்கு! பச்சைத் தோல் அழுகாமலிருக்க அள்ளித் தடவுகிற அதே உப்பு. குரோமையாவது சுத்திகரிப்பில் பிரித்துவிடலாம், தண்ணீரில் கரைந்த உப்பை வழக்கமான சுத்திகரிப்பு நிலையம் ஒன்றும் செய்யாது, அது கிணற்றுக்கும் வயலுக்கும் போய்ச் சேரும். உப்பு எந்த விஞ்ஞானி கண்டுபிடித்தது?

இதை அளந்து சொன்னதும் அறிவியல்தான். தோல் தொழிற்சாலைகள் இருக்கும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு ஆகாமல் போனது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு, 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் இருக்கிறது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தில் ஊன்றி நின்றதே இந்த வேலூர் வழக்கில்தான். பெருமைப்படவா வேண்டாமா என்று தெரியாத பெருமை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதே விவகாரத்துக்கு மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது என்றால் இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்திருக்கும் என்று ஆம்பூரில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

கேள்வி: சதுப்பேரியில் பிள்ளையார் கரைப்பதைக் குறை சொன்னால் வீட்டில் சண்டை வருகிறது. என்ன செய்ய?
(வாசகி, காட்பாடி)

பதில்: சண்டை வேண்டாம், பெரியவர்களிடம் அவர்கள் சின்ன வயதில் வாங்கிய பிள்ளையார் எப்படி இருந்தார் என்று கேளுங்கள். ஏரிக் களிமண், குன்றிமணிக் கண், எருக்கம்பூ மாலை, தலையில் காகிதக் குடை, அவ்வளவுதான். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொம்மை எளிதில் கரையாது, சாயம்தான் கரையும். 2020-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதற்குத் தடை சொன்னதும் இதனால்தான். பச்சைக் களிமண்ணில் சின்னதாக வாங்கி வீட்டு வாளியிலேயே கரைத்துச் செடிக்கு ஊற்றலாம். குன்றிமணியை மட்டும் முதலில் எடுத்துவிடுங்கள், அது விஷம், சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுக் கடித்துவிடப் போகிறார்கள்.